பம் கிடந்த பை

கொக்குவிலின் அந்த ஒழுங்கைக்குக் குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் வரத் தொடங்கிய பிறகுதான், சனம் பின்வளவில் பொலித்தீன் கொளுத்துவது நின்றது. உதயகலாவின் மகள் நிவேதனாவும் மூச்சு முட்டாமல் படுத்தெழும்பினாள்.

மகளுக்கு முட்டு, ஆஸ்துமா வருத்தம், என்று வெளியில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. பக்கத்து வீட்டு அருமைநாயகிக்கு மகன் முறையான பெறாமகனுக்கும் நிவேதனாவுக்கும் சாதகம் பொருந்தி, கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

குப்பையை இன்னொரு முறை கலந்து போட்டால் இனி வரமாட்டோம் என்று மேற்பார்வையாளர் சீவரத்தினம் போன கிழமை சொல்லியிருந்தார். அதனால் விடியவே ஒழுங்கை முகப்புக்குப் போய், அயலாரின் பைகளையெல்லாம் அவிழ்த்து, மீன் செதிலையும் பிளாஸ்டிக்கையும் உதயகலா கையாலேயே பிரித்துவைத்தாள். தன்னுடைய பையை மட்டும் அவிழ்க்கவில்லை. அதில் பால்மாப் பெட்டிகளுக்கு அடியில் மகள் முட்டுக்கு இழுத்து முடித்த பம்கள், அந்த இன்ஹேலர் குப்பிகள், கிடந்தன.

சீவரத்தினம் அந்தப் பையைத்தான் கிழித்தார். பம்கள் தெருவில் உருண்டன.

"நாட்டிலையே பிரிச்சுக் குடுக்கிற வீடுகள் குறைவு. எங்கடை பக்கம் அதிலும் குறைவு. உங்கடை ஒழுங்கை அதுக்கும் கீழை. மருந்துச் சாமான் போடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? ஆற்றை பை இது? ஆள் சொன்னால் அந்த வீட்டுக் குப்பையை மட்டும் விட்டிட்டு மற்றதுகளை ஏத்துவன். இல்லாட்டி ஒழுங்கைக்கே வரமாட்டன்."

பக்கத்தில் நின்ற அருமைநாயகி சிரித்தாள். "எங்களுக்குள்ளை ஒரு முட்டுக்காரர் ஒளிச்சிருக்கினம் போலை. கலா, நீதானே விடிய எல்லாத்தையும் கிண்டினனீ. ஆற்றை எண்டு தெரியாதோ?"

"தெரியாதக்கா."

உழவு இயந்திரம் வெறுமையாகத் திரும்பியது.

பின்னேரம் மதிலுக்கு அப்பால் அருமைநாயகி குப்பை கொளுத்தும் புகை எழுந்தது. உதயகலா யன்னல்களைச் சாத்தினாள். கதவிடுக்கில் ஈரச் சேலையை அடைத்தாள். நிவேதனா தோள் ஏறியிறங்கக் குந்தியிருந்து பம்மை இழுத்தாள். அடங்கவில்லை. திரும்பவும் இழுத்தாள்.

"அம்மா, போய்ச் சொல்லாதேங்கோ" என்றாள். அவ்வளவுக்குத்தான் மூச்சு இருந்தது.

உதயகலா மதிலடிக்குப் போனாள்.

"அக்கா, நெருப்பை நூத்துவிடுங்கோ. அந்தப் பை எங்கடை. பிள்ளைக்குத்தான் முட்டு."

அப்பால் வாளி உரசியது. தண்ணீர் பட்டு நெருப்புச் சீறி அடங்கியது. பின்கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. மதிலில் கை ஊன்றியபடி உதயகலா நின்றாள். உள்ளே மகளின் மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.