டயப்பர் டிராயருக்குப் பூட்டு போட்டவன்

கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் டப்பா. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் உதிரிபாகக் கிடங்கு அவன் பொறுப்பில் இருந்தது. நட்டுக்கு ஒரு டப்பா, வாஷருக்குப் பக்கத்திலேயே இன்னொரு டப்பா. கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டதை எடுத்துத் தருவான்.

குழந்தை பிறப்பதற்கு முன்பே அதற்கான மூலையைத் தயார் செய்துவிட்டான். ஜன்னலோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை, அதன்மேல் ரெக்சின் மெத்தை. மேசைக்குக் கீழே டிராயர்கள். ஒன்றில் டயப்பர், ஒன்றில் துடைக்க ஈர வைப்ஸ், ஒன்றில் களிம்பும் பஞ்சும், கடைசியில் மாற்றுத் துணி. எல்லா டிராயருக்கும் குழந்தைகள் திறக்க முடியாத பிளாஸ்டிக் பூட்டு. மேலே ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே கீழே ஒரு கொக்கியை இழுத்தால்தான் திறக்கும்.

“அவ தவழறதுக்கே இன்னும் எத்தனையோ மாசம் இருக்குங்க,” என்றாள் மனைவி, மகளோடு வீட்டுக்கு வந்த அன்று.

“அப்ப போய் அலையக் கூடாதுல்ல.”

மனைவியும், உதவிக்கு வந்திருந்த அவளுடைய அக்காவும் கட்டிலிலேயே வைத்து டயப்பர் மாற்றினார்கள். இவன் பின்னாலேயே வந்து, இறைந்து கிடந்ததையெல்லாம் எடுத்து டிராயரில் அடுக்கிப் பூட்டுவான். ஆனால் குழந்தையை மட்டும் இன்னும் கையில் வாங்கவில்லை. யாராவது நீட்டினால் பால் பொங்குகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நழுவிவிடுவான். மனைவி அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

தையல் பிரிக்க அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் அக்காவும் துணைக்குப் போக வேண்டியிருந்தது.

“பால் குடிச்சிட்டா. தூங்கிட்டே இருப்பா,” என்றாள் மனைவி.

“நடுவுல ஏதாவது பண்ணிட்டா?”

“எல்லாத்தையும் நீங்கதான அடுக்கி வச்சிருக்கீங்க.”

அவர்கள் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார்கள், மகள் பண்ணிவிட்டாள். வீறிட்டு அழுதாள். அவன் கண்ணாடிப் பலகையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய் மேசையில் கிடத்தி, டயப்பரைப் பிரித்தான். பிரித்த பிறகுதான் விபரீதம் புரிந்தது. முதுகு வரைக்கும் போயிருந்தது; அவன் வலது கையும் தப்பவில்லை. மேசையில் கிடத்தினால் ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அவன் இடது கையை வயிற்றின் மேல் வைத்தான். டயப்பர் டிராயரைத் திறக்க இரண்டு கை வேண்டும்.

முழங்கையால் முயன்றான். கால் கட்டைவிரலால் முயன்றான். டிராயர் அசையவில்லை. மகளை அப்படியே தூக்கலாம் என்றால், வழுக்கிவிடுவாளோ என்று பயம்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

“கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க,” என்று கத்தினான்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே கூரியர் பெண் ஒருத்தி பார்சலோடு அறை வாசலில் வந்து நின்றாள். நிலவரத்தைப் பார்த்தாள்.

“பார்சல் வந்திருக்கு சார். ஓடிபி சொல்லுங்க.”

“மொதல்ல இந்த டிராயரத் திறந்து குடுங்களேன்.”

அவள் மண்டியிட்டு இழுத்துப் பார்த்தாள். “இது என்ன சார், பேங்க் லாக்கரா?”

“மேல அமுக்கிக்கிட்டே கீழ இழுக்கணும்.”

அமுக்கினாள், இழுத்தாள். கொக்கி மட்டும் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அவள் அதை மெதுவாக மேசை ஓரத்தில் வைத்தாள்.

“பார்சல்ல இருக்கறதும் டயப்பர்தான்,” என்றான் அவன். “அதப் பிரிச்சிடுங்க.”

“ஓடிபி இல்லாம பிரிச்சா என் வேலை போயிடும் சார்.”

போன் அவனுடைய பேன்ட் பையில் இருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு விரலால் அதை உருவி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். போன் அவனை அடையாளம் காணவில்லை.

“முகத்தக் கொஞ்சம் சாதாரணமா வச்சுக்கங்க சார்.”

“சாதாரணமாத்தான் வச்சிருக்கேன்.”

மூன்றாவது தடவையில் போனுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். ஓடிபி கிடைத்தது, பார்சல் பிரிந்தது. உள்ளே இருந்தவை ஒரு வயதுக் குழந்தைக்கானவை. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று முன்கூட்டியே வாங்கியிருந்தான். வைப்ஸ் டிராயரின் கொக்கியும் பிய்ந்துவிடுமோ என்று அதைத் தொடப் பயந்து, கூரியர் பெண் குளியலறையிலிருந்து ஒரு மக் தண்ணீர் கொண்டுவந்தாள். நாற்காலியில் இஸ்திரி போட்டுத் தொங்கிய அவனுடைய யூனிஃபார்ம் சட்டை துடைக்கும் துணியானது.

“உங்களுக்கு இதக் கட்டத் தெரியுமா?”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல சார். அட்டப்பெட்டிதான் ஒட்டத் தெரியும்.”

பாக்கெட்டில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். முன்பக்கம் பின்னால் போயிற்று. டயப்பர் அக்குள் வரை வந்தது. மடித்துவிட்டும் நிற்காமல் நழுவியது. அவள் தோள்பையிலிருந்து பழுப்பு நிற டேப்பை எடுத்து, தோலில் படாமல் டயப்பரைச் சுற்றி ஒரு சுற்று ஒட்டினாள். பிறகு போனை எடுத்தாள்.

“டெலிவரி ஆனதுக்கு போட்டோ எடுக்கணும் சார்.”

“பாக்கெட்தான் பிரிஞ்சு கிடக்கே.”

“பரவால்ல. வாங்கினவங்க படத்துல இருக்காங்கல்ல.”

அவள் போனதும் மகள் மறுபடி சிணுங்கினாள். கூப்பிட வேறு யாரும் இல்லை. மக்கில் மிச்சமிருந்த தண்ணீரில் வலது கையை அலசிக்கொண்டு தூக்கினான். அவள் அவன் தோளில் தலையை முட்டி முட்டி ஒரு இடம் பார்த்து, கழுத்தோரமாக முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அவளுடைய மூச்சு சூடாக இருந்தது. அப்படியே சோபாவில் உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மகளின் இடுப்பைச் சுற்றி, ‘கவனமாகக் கையாளவும்’ என்று அச்சடித்த டேப்.

“யாருங்க பேக் பண்ணினது?” என்றாள் மனைவி. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டாள். “சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிச்ச இடம் வலிக்குது.”

“நான் ஒண்ணும் சிரிக்க வைக்கல.”

“சரி குடுங்க, நான் மாத்தி விடறேன்.”

“இப்பதான் தூங்கறா. இருக்கட்டும்.”

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் எழுந்திருக்கவில்லை. “எங்ககிட்டயும் கொஞ்சம் குடுங்க தம்பி,” என்று அவள் கையை நீட்டினாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். தோளிலிருந்து விரல் நுனிவரை கை எப்போதோ மரத்துப்போயிருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.