எட்மன்டனா, ஸ்காபரோவா

இராஜேஸ்வரிக்கு மருமகன் நிதுசனைப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், அவனுக்கு அரசாங்க உத்தியோகம். கலியாணப் பேச்சில் மகள் லக்சிகா அந்தச் சொல்லைத்தான் முதலில் எடுத்துவிட்டாள். யாழ்ப்பாணத்துத் தாய்மார் அதற்குமேல் எந்தத் திணைக்களம் என்று கேட்பதில்லை. கேட்டால் மாப்பிள்ளை கைநழுவிவிடுவான் என்ற பயமோ என்னவோ. அல்பேர்ட்டா மாகாணத்து எட்மன்டனில் வாகனம் திருத்துகிறார் என்றாள் மகள். அது பொய்யில்லை. அவன் திருத்துவது கனடிய இராணுவத்தின் கவச வாகனங்கள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள்.

விழுங்கியது இரண்டாயிரத்தொன்பது ஏப்ரலில் தொண்டைக்கு வந்து நின்றது. வன்னியில் சண்டை முடிகிற நேரம். இராஜேஸ்வரியின் தங்கை குடும்பத்தோடு அங்கே இலங்கை இராணுவத்தின் குண்டுவீச்சுக்குள் அகப்பட்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. "ஆமி" என்ற சொல் காதில் விழுந்தாலே இராஜேஸ்வரி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அந்தத் தாயின் ஸ்காபரோ வீட்டில்தான் லக்சிகா நவம்பரிலிருந்து இருந்தாள். நிதுசன் முதலில் பயிற்சிக்கும், பிறகு ஆப்கானிஸ்தானுக்கும் போய்விட்டான். அவருக்கு வெளியிடத்தில் வேலை என்று தாய்க்குச் சொல்லியிருந்தாள்.

வரிக்கணக்குக் கொடுக்கக் கடைசிக் கிழமை. வரிக்கணக்கு நிரப்பிக் கொடுக்கும் சண்முகலிங்கத்தின் அலுவலகம் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில் இருந்தது. சுவரோரம் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். தாயும் கூடவே வந்திருந்தாள். இது முடிந்ததும் இருவரும் நகரத்துக்கு, வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போவதாக இருந்தது.

"பிள்ளை, போன டிசம்பர் முப்பத்தோராம் திகதி நீர் எந்த மாகாணத்து ஆள்? அல்பேர்ட்டாவோ, ஒன்ராறியோவோ?" என்று கேட்டார் சண்முகலிங்கம்.

"இங்க அம்மாவோடதான் அங்கிள் நிண்டனான்."

"நிண்டது வேற, குடியிருக்கிறது வேற. உம்மட வீடு எங்க? சாமான் எங்க? கொஞ்ச நாள் நிக்க வந்தனீரெண்டால் அல்பேர்ட்டா. ஒரேயடியா வந்திட்டீரெண்டால் ஒன்ராறியோ. ரெண்டுக்கும் வரி வேற."

அல்பேர்ட்டா என்றால் தாய்க்கு முன்னால் புருசனைப் பற்றிக் கேள்வி வரும் என்று லக்சிகா பயந்தாள். "ஒன்ராறியோ எண்டு போடுங்கோ."

"போடலாம். அப்ப அவரோட பிரிஞ்சிட்டீரோ? அதையும் போடவேணுமெல்லே."

அவள் வாய் திறக்குமுன் தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், இத்தனை மாதமாய் அவளும் அதையே நினைத்துக்கொண்டு, மகளிடம் கேட்கப் பயந்து திரிந்திருக்கிறாள்.

"சொல்லு பிள்ளை. அடிச்சவனோ? வேற ஆரும் இருக்கோ? என்னெண்டாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன். உனக்கு என்ர வீடு இருக்கு."

தலையை ஆட்டினால் போதும். சண்முகலிங்கம் ஒரு கட்டத்தில் கோடு போடுவார், தாய் கட்டிப்பிடித்து அழுவாள், சங்கதி அதோடு முடிந்துவிடும். லக்சிகா ஆட்டத்தான் பார்த்தாள். ஆனால் முந்தநாள் தொலைபேசியில் நிதுசனுக்குப் பேச்சே வரவில்லை. கூட வேலை செய்த பொடியன் ஒருவன் கண்ணிவெடியில் செத்துப்போயிருந்தான். அப்படிப்பட்ட நேரத்தில் புருசனை வேண்டாமென்று விட்டவளாகக் கையெழுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அவன்மேல் அவ்வளவு ஆசை.

"பிரியேல்ல அம்மா. அவர் கந்தகாரில இருக்கிறார். கனடா ஆமியில."

சுவரோரம் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, உது கனடா ஆமியெல்லே, எங்கட ஊர் ஆமியில்லை..." என்று சண்முகலிங்கம் இழுத்தார். இராஜேஸ்வரி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்கட சனம் மாதிரி அங்கத்தைச் சனமும் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ளயோ இருக்குதுகள்?" என்று மகளைக் கேட்டாள்.

"தெரியாதம்மா. அவர் வாகனம்தான் திருத்துறார்."

"திருத்தினால்தானே அது ஓடும்."

 இராஜேஸ்வரி மகளுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"என்ர வீட்டுத் திறப்பைத் தா."

"அம்மா..."

"தா. என்ர தங்கச்சி உயிரோட இருக்கிறாளோ எண்டு தெரியாமல் நான் றோட்டில நிண்டு கத்துறன். நீ எனக்குப் பக்கத்தில நிண்டு கத்திப்போட்டு, இரவில ஒரு ஆமிக்காரனோட போனில கதைச்சிருக்கிறாய்."

லக்சிகா சாவி வளையத்திலிருந்து திறப்பைக் கழற்றிக் கொடுத்தாள். தாய் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஆர்ப்பாட்டத்துக்குப் போகிற சப்வே ரயில் இருக்கிற பக்கமாகத்தான் போனாள்.

சண்முகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒன்ராறியோ எண்டே போட்டுவிடுறன் பிள்ளை. கொம்மா நாளைக்குக் கூப்பிடுவா."

"இல்லை அங்கிள். அல்பேர்ட்டா எண்டு போடுங்கோ."

"அப்ப விலாசத்தைச் சொல்லும்."

எட்மன்டன் வீட்டு இலக்கத்தைச் சொல்லத் தொடங்கியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.