மேல் போல்ட்

வேன்காரருக்கு யாரும் எதுவும் சொல்லக் கூடாது. வண்டியின் பின்பக்கம் முனகுகிறது என்று மனைவி ஒரு வாரமாகச் சொன்னாள். டயர் சத்தம் என்று அவர் சாதித்தார். வேகம் கூடக் கூட முனகலும் கூடியபோதுதான், பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலில் எண்ணெய் குறைந்திருக்கும் என்று உறைத்தது. அப்படியே ஓட்டினால் உள்ளே பல்சக்கரங்கள் பொடியாகும். பிழைப்பே அந்த வண்டிதான்.

மெக்கானிக் அந்நியர் இல்லை, மனைவியின் அண்ணன். ஆனால் போன வருடம் பட்டறையில் நாலு பேர் முன்னால், பழைய எண்ணெயைத்தானே ஊற்றுகிறீர்கள் என்று வேன்காரர் வாயை விட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. மெக்கானிக் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஏன் அப்படிப் பேசினீர்கள் என்று அவள் கணவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் வேன்காரரைக் குத்தியது.

நாமே மாற்றிவிடலாம் என்று ஞாயிறு காலை வண்டிக்கு அடியில் புகுந்தார். எண்ணெய் வடிக்கும் கீழ் போல்ட்டைக் கழற்றினார். இருக்க வேண்டியதில் பாதி எண்ணெய்தான் தட்டில் இறங்கியது. புது எண்ணெய் ஊற்ற மேல் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டால், அது அசைவேனா என்றது. மேலது திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே கை வைக்க வேண்டும். பட்டறையில் அது பாலபாடம். இப்போது வண்டியை நகர்த்தவே முடியாது. விடிந்தால் பதினொரு பள்ளிப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

"உங்க அண்ணனை வரச் சொல்றியா?"

"நீங்களே கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

மானத்தை விழுங்கிக்கொண்டு கூப்பிட்டார். அரை மணியில் மெக்கானிக் பையோடு வந்து அடியில் புகுந்தார். வேன்காரர் பக்கத்தில் படுத்து டார்ச் பிடித்தார். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி இழுத்ததும் போல்ட் கிறீச்சிட்டு இளகியது. வடிந்த எண்ணெயை மெக்கானிக் விரலில் தேய்த்துப் பார்த்தார். வெறும் தூள்தான், பல் எதுவும் உடையவில்லை, எண்ணெய் கசிவது ரப்பர் சீல் வழியாக, அதை மாற்றினால் போதும் என்றார். வேன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மச்சான், அன்னைக்கு நான் பேசினது..."

"விடுங்க மாப்பிள்ளை. நீங்க அதைச் சொன்னப்ப இந்த போல்ட்டைத்தான் முறுக்கிட்டிருந்தேன். கோபத்துல நான் முறுக்கினதுதான் இது."

வீட்டுக்குள் சாப்பாட்டுத் தட்டுகள் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி முடித்ததும் மெக்கானிக் மேலே புது போல்ட்டை விரலால் திருகிவிட்டு, ஸ்பேனரை வேன்காரர் கையில் கொடுத்தார். போதும் என்று அவர் சொன்ன இடத்தில் வேன்காரர் நிறுத்திக்கொண்டார்.