ஆளில்லாத மலை

அருங்காட்சியகத்தின் பழைய புகைப்படங்கள் அவள் பொறுப்பில் இருந்தன. அந்த மலைப் படத்தைப் பற்றி அவளைக் கேட்டால் பொழுது போவது தெரியாமல் பேசுவாள். ஆனால் விசாரணையில் பேச்சு அவள் கையில் இல்லை.

மலைச்சரிவிலிருந்து அவள் நாத்தனாரின் குடும்பத்தை வனத்துறையினர் கிளப்பப் பார்த்தார்கள். அங்கே அந்தக் காலத்தில் யாருமே குடியிருக்கவில்லை, இவர்கள் நேற்று முளைத்தவர்கள் என்று வாதம். அதற்கு ஆதாரமாகக் காட்டியது இந்தப் படத்தைத்தான். கேமரா வந்த புதிதில் எடுத்தது. சிகரம், வெறும் சரிவு, ஈ காக்கை கிடையாது.

“கல்யாண போட்டோவில பொண்ணு வீட்டு ஆளுங்களை மட்டும் விட்டுட்ட மாதிரியில்ல இருக்கு” என்று நாத்தனார் சிரித்தாள். பிறகு, “நீங்க சொன்னா கேப்பாங்க அண்ணி” என்றாள்.

அவள் படம் முதலில் பதிந்த கண்ணாடித் தகட்டை எடுத்துப் பார்த்தாள். அச்சிட்ட படத்தில் வெட்டிவிட்டிருந்த கீழ் ஓரத்தில், வேய்ந்த கூரையின் நுனி ஒன்று நிழலாகத் தரையில் விழுந்திருந்தது. படக்காரர் யாருடைய வாசலிலோ கேமராவை நிறுத்தி, வீடுகளுக்கு முதுகைக் காட்டி மேல்சரிவை எடுத்திருக்கிறார். நகரத்து வரவேற்பறைகளுக்கு மனிதக் கால் படாத மலைதான் வேண்டியிருந்தது. அடுப்புப் புகை தெரிந்தால் விலை போகாது. குறுக்கே யாராவது நடந்திருந்தாலும், பல நொடி திறந்திருந்தால்தான் படம் பிடிக்கும் அந்தக் கேமராவின் நிதானத்துக்கு அவர்கள் பதிந்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் அவள் விசாரணையில் சொன்னாள். அதிகாரி கெட்டவர் இல்லை. குடிக்கத் தண்ணீர் தரச் சொல்லிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“அந்த நிழல் படக்காரர் போட்ட கொட்டகையோடதா இருக்கலாமில்ல?”

இல்லை என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. “இருக்கலாம்” என்றாள்.

“படத்துல வீடு தெரியுதா? அதை மட்டும் சொல்லுங்கம்மா.”

“தெரியலை.”

தட்டச்சுக்காரர் அதை மட்டும் அடித்துக்கொண்டார். படத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தீர்ப்பு வந்தது. காலி செய்ய வேண்டும்.

வெளியே பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“இருக்கலாம்னு ஏன் அண்ணி சொன்னீங்க?”

திரும்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரிந்தது. தன் நேர்மை இவ்வளவு ஒன்றுக்கும் உதவாததாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

நாத்தனார் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். போய் உட்கார அவளுக்குக் கால் வரவில்லை.