யாரும் சாகாத சனி, ஞாயிறு

1

ஐவன் ஐந்தே முக்காலுக்கு எழுகிறான். கெட்டிலில் தண்ணீர் வைக்கிறான். பல் துலக்குகிறான். தண்ணீர் கொதிக்கிறது. ஒரு குவளையில் கோப்பி, ஒரு குவளையில் மைலோ. கோப்பிக்குச் சீனி இல்லை. மைலோவுக்கு இரண்டு கரண்டி. ஜன்னலைத் திறக்கிறான். பக்கத்து வீட்டுக் கார் கிளம்புகிறது. மைலோவைக் கட்டிலுக்கு எடுத்துப் போகிறான். இன்று சனிக்கிழமை.

[இது நான்காவது தொடக்கம். முதல் மூன்றிலும் மழை பெய்தது. மூன்றையும் எடுத்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை ஈப்போவில் மழை இல்லை.]

கதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி கேட்டது. நான் எப்போதாவது பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்குக் கதை எழுதுகிறவன். அவள் ஒவ்வொன்றையும் படிப்பாள். படித்துவிட்டு ஒருநாள் சொன்னாள்:

"உன் கதையில எல்லாரும் செத்துப் போறாங்க லா. அதுக்கு முன்னாடி ஒருத்தனுக்காவது சோறு போடுறியா? ரெண்டு பேரு. வீட்ல. சனி, ஞாயிறு. சாப்பிடணும், தூங்கணும். யாரும் சாகக் கூடாது. எழுதுவியா?"

எழுதுகிறேன் என்றேன்.

அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதனால் தாமதம்.

மெலிண்டா அவள் பெயர் இல்லை. ஐவன் என் பெயர் இல்லை. வேறு எதையும் மாற்றவில்லை.

2

வாசகருக்குத் தேவையான விவரங்கள். மெலிண்டாவுக்கு முப்பத்திரண்டு வயது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. ஐவனுக்குக் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை. பத்து நாளைக்கு முன் கிளினிக்கில் அவளுக்குள் ஒரு கருவை வைத்தார்கள். தங்கியதா இல்லையா என்பது திங்கட்கிழமை ரத்தம் எடுத்தால் தெரியும். அதுவரை கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

"ஐவன், ரிமோட்."

"உன் காலுக்குக் கீழதான் கிடக்கு."

"டாக்டர் தூக்கக் கூடாதுன்னாரு."

"கனமா இருந்தாத்தான்."

"உள்ள ரெண்டு பேட்டரி இருக்கு லா."

[இங்கே மெலிண்டாவைப் பற்றி எனக்கே சந்தேகம் வருகிறது. இப்படி ஒரு நேரத்தில் ஒருத்தி இப்படியா பேசிக்கொண்டிருப்பாள்? பயமே இருக்காதா? இருந்தது. போர்வைக்குள் இரண்டு கையாலும் அடிவயிற்றை — இந்த வாக்கியம் வேண்டாம். அவளுக்குப் பிடிக்காது.]

3

மதியம் ஐவன் சோறாக்கப் போனான். அரிசி வாளிக்குள் டின்னை விட்டான். அரிசியோடு ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. பைக்குள் ஒரு பெட்டி. மருந்துக் கடையில் விற்கிற, வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற கிட். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் உண்டு.

திங்கட்கிழமைவரை வீட்டில் எதையும் பார்ப்பதில்லை என்று இருவரும் சத்தியம் செய்திருந்தார்கள். சத்தியம் வாங்கியது அவள்.

"மெலி, இது என்னா?"

சோபாவிலிருந்து பதில் வந்தது.

"அரிசியில வண்டு வராம இருக்க."

ஐவன் டின்னைக் கீழே வைத்தான். அறைக்குப் போய்த் தன் வேலைப் பையைத் திறந்து, அதே போன்ற இன்னொரு பெட்டியை எடுத்து வந்து அவள் மடியில் போட்டான்.

"இது?"

"பையில வண்டு வராம இருக்க."

அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பதற்கு டாக்டர் அனுமதி உண்டா என்று கேட்டு, மறுபடி சிரித்தாள்.

இரண்டு பெட்டியையும் ஐஸ்பெட்டி மேல் வைத்தார்கள். வைத்தது ஐவன். தான் கையைத் தூக்கக் கூடாது என்றாள். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. இருவரும் சாப்பிட்டார்கள்.

[அவள் கேட்டபடி. சோறு போட்டாயிற்று.]

4

ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. பத்து மணிக்குப் பாகான் டத்தோவிலிருந்து ஐவனின் அம்மா ரோசரி போன் செய்தார். அம்மாவுக்கு இந்த வைத்தியம் பற்றித் தெரியாது. திருச்சபைக்கு இதில் உடன்பாடில்லை. அம்மா திருச்சபையைவிடக் கண்டிப்பு.

"பூசைக்குப் போனீங்களா?"

"இல்லம்மா. மெலிக்குக் கால் வலி."

"கால் வலியா? உன்னை வயித்துல வச்சிக்கிட்டு எட்டு மாசம்வரைக்கும் நான் தேங்கா உரிச்சேன்டா. போனை அவகிட்ட குடு."

மெலிண்டா ஐந்து நிமிடம் "சரி அத்தை" சொன்னாள். போனை வைத்துவிட்டு, "மூனு வைத்தியம் சொன்னாங்க. மூனுக்கும் எழுந்து நடக்கணும்," என்றாள்.

அவர்கள் இருக்கும் தாமான் குடியிருப்பு ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பின்வேலிக்கு அப்பால் ஏழெட்டு மரங்கள் இன்னும் நிற்கின்றன. வெயில் ஏறினால் காய் வெடித்து, கொட்டை சமையலறைத் தகரக் கூரையில் விழும். ஐவன் தட்டு கழுவினான். அவள் படுத்தபடி எண்ணினாள்.

"பதினொன்னு."

"எட்டுதான் விழுந்துச்சு."

"உன் கண்ணுதான் மோசம்னு நினைச்சேன். காதுக்கும் கண்ணாடி போடணும்போல."

சாயங்காலம் கடையிலிருந்து முளைப்பயறு போட்ட தாவ்கே கோழியைத் தாப்பாவ் கட்டி வாங்கி வந்தான். அவன் தட்டிலிருந்த கோழித் தோலை அவள் எடுத்துக்கொண்டாள். டிவி பார்த்தார்கள். நாளைக்கு லீவு போடட்டுமா என்று கேட்டான். "ஒரு ஊசி ரத்தம் எடுக்க ரெண்டு பேரா? நீ வேலைக்குப் போ. நான் வாடகைக் கார்ல போய்க்கிறேன்," என்றாள். தூங்கினார்கள்.

அவள் கேட்ட கதை இங்கே முடிகிறது. யாரும் சாகவில்லை. இத்துடன் பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம்.

5

அனுப்பவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, கிளினிக்குக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்குக்கு நிற்காத ஒரு லோரி. ரத்தம் எடுக்கப்படவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுதுவதாக இல்லை.

அவள் போன பத்தாம் நாள் ஐஸ்பெட்டி மேலிருந்து பெட்டிகளை எடுத்தேன். ஒன்று கனமாக இருந்தது. இன்னொன்றில் விளக்கத்தாள் மட்டும். கோடு காட்டும் குச்சி இல்லை.

ஆக, அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமல், பெட்டியை மூடி, கையைத் தூக்கி, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறாள். எப்போது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளியலறையில் இருந்தபோது நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். முட்டை கருகவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் வந்திருப்பாள். மூன்று நிமிடம் போதும் என்று தாளில் போட்டிருக்கிறது.

(மருத்துவமனை அறிக்கையில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. அவ்வளவு சின்னதை யாரும் தேடவில்லை. தேடச் சொல்லி நானும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பெட்டி காலி என்று தெரியாது.)

முடிவு அ: இரண்டு கோடு. ரத்தத்திலும் உறுதியான பிறகு சொல்லி, என் முகம் போகிற போக்கைப் பார்க்கக் காத்திருந்தாள். ஆதாரம்: கோழித் தோல். பசியோடு இருந்தாள்.

முடிவு ஆ: ஒரு கோடு. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது முழுசாக இருக்கட்டும் என்று விட்டாள். ஆதாரம்: அதே கோழித் தோல். ஆறுதலுக்குச் சாப்பிட்டாள்.

முடிவு இ: ஒரு கோடும், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத இன்னொன்றும். அப்படியென்றால் நாள் முழுக்க அதை எங்கேயாவது வைத்து, வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாற்றிப் பார்த்திருப்பாள். தொழில் அப்படி. இதை எழுதும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அதற்காகவே இது உண்மையாக இருக்கலாம் என்று —

இல்லை. எனக்கு எது வசதியோ அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தெரிந்திருந்தவள் ஒருத்திதான். ஆகவே அதற்குப் பிறகு அவள் பேசிய எதிலாவது அது இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை மேலே எழுதிவிட்டேன். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கண், காது, கோழி. நீங்களும் பார்க்கலாம். மிச்சம் இருப்பது திங்கட்கிழமையின் ஒரு பேச்சு. அதை இந்தக் கதையில் சேர்ப்பதில்லை என்றுதான் இருந்தேன்.

6

எங்கள் தாமானில் குப்பை லோரி வருவது திங்கட்கிழமை. ஆறரைக்கு அடுக்களைக் குப்பையையும் குளியலறைக் குப்பையையும் ஒரே கறுப்புப் பையில் போட்டு, கேட்டுக்கு வெளியே, தெருப்பூனைகள் கிளறுகிற தொட்டிக்குக் கொண்டுபோனேன். அந்தக் குச்சி அதற்குள் இருந்திருக்கும். வேறெங்கும் இல்லை, வீடு முழுக்கத் தேடியாயிற்று. நான்தான் தூக்கிப்போனேன். கனமே இல்லை.

அவள் வாசலில் நின்றாள். தலைமுடியை அள்ளி முடியவில்லை. கையில் மைலோ. அப்போது ஒன்று சொன்னாள். நான் கையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினேன்.

சிக்கல் என்னவென்றால், அதை அவள் ஆறு வருடமாக எல்லாத் திங்கட்கிழமையும் சொல்வாள். அன்றைக்கு ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக அழுத்திச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் குரலில் சொல்லிப் பார்த்தேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்ததா? தினேஸ்வரி அக்கா, பக்கத்து வீடு, அப்போது செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். "எப்பவும் போலத்தான் தம்பி சொன்னிச்சு," என்றார்.

இனி நீங்கள் சொல்லுங்கள். உண்டா, இல்லையா. எதைச் சொன்னாலும் நான் மறுக்கப்போவதில்லை. அவள் அதில் என் பெயரைச் சொல்லவில்லை. அதனால் நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவள் சொன்னது அப்படியே:

"நல்லா இறுக்கிக் கட்டு லா. நீ கட்டுனா பூனைக்குத்தான் கிறிஸ்மஸ்."