வாய்ப்பூட்டு போட்ட முயல்

வேப்பங்குச்சியும் வாயுமாகக் கிணற்றடிக்குப் போன கைலாசம் பிள்ளை, தொழுவத்து ஓரத்தில் இருந்த முயல் கூண்டின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். முயல் தன் பின்னங்கால்களுக்கு நடுவே தலையை மடக்கி, எதையோ வாயால் எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, இங்கன வா" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாத சமயங்களில்தான் பயப்பட வேண்டும் என்பதை அவர் மனைவி குழல்வாய்மொழி இருபத்திரண்டு வருஷத்தில் கற்றிருந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உன் முயலு என்ன திங்குதுன்னு பாரு."

பார்த்தாள். மறுக்க வழியில்லை.

"அது போட்டத அதுவே திங்குது. இத வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்படிட்டி பூசைக்கு உக்காருவேன்? சுடலைமாடன வரச் சொல்லி கொடுத்து விட்டுரு."

கைலாசம் பிள்ளை, வெங்காயம் அரிந்த கத்தியால் தனக்கு வாழைப்பழத்தைக்கூட நறுக்கக் கூடாது என்கிற மனுஷர். சுடலைமாடன் அவர்களுடைய வயலைப் பார்த்துக்கொள்கிறவன், நல்லவன்தான். ஆனால் அவன் வீட்டில் யாரும் முயலை வளர்ப்பதற்காக வாங்கிக்கொள்ள மாட்டார்கள், குழம்பு வைக்கத்தான் வாங்குவார்கள்.

அந்த முயல் குழல்வாய்மொழி கைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குற்றாலத்தில் அவர்களுக்கு இருந்த சின்ன வீட்டில் சாரலுக்கு வந்து தங்கிய மதுரைக் குடும்பம், ஊர் திரும்பும்போது அதை விட்டுவிட்டுப் போனது. ரயிலில் முயலுக்கு டிக்கெட் தரமாட்டார்கள் என்று அந்த வீட்டுப் பெண் குழந்தையிடம் அப்பா சொல்லியிருந்தாராம். குழந்தை அழுத அழுகையைப் பார்த்து, "நான் வச்சுக்கிடுதேன்மா" என்று குழல்வாய்மொழி வாங்கிக்கொண்டாள். தென்காசிக்கு வண்டியில் வரும் வழியெல்லாம் அது அவள் மடியில் கிடந்து மூக்கை அசைத்துக்கொண்டே வந்தது. தை மாதம்தான் ஒரே மகளை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் ஒரு முழு நாள் யாரோடும் பேசாமல் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. முயல் வந்த பிறகு பேசினாள். நிறையவே பேசினாள்.

"மண்ணு திங்குத கன்னுக்குட்டிய நாம என்ன, தொரத்தியா விடுதோம்? வாய்ப்பூட்டு போடுதோம்லா. பழக்கந்தான, மாத்திப்போடலாம்" என்றாள் கணவரிடம்.

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. தொழுவத்து உத்தரத்தில் கன்றுக்குட்டியின் வாய்ப்பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாதிரியாக வைத்துக்கொண்டு, தேங்காய் நாரில் எலுமிச்சம்பழம் கொள்ளும் அளவுக்கு ஒன்றைப் பின்னினாள் குழல்வாய்மொழி. விளக்கு வைத்ததும் முயலுக்கு மாட்டிவிடுவாள். காலையில் பிள்ளை வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன பிறகு கழற்றிப் புல் போடுவாள். ஒழுக்கம் வந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் திருப்தி.

முயலுக்குத்தான் திருப்தியில்லை. நான்கைந்து நாளில் புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தது. பின்பக்கத்து வெள்ளை மயிரிலெல்லாம் எதுவோ களிபோல ஒட்டிக் காய்ந்து கிடந்தது. உருண்டையாகப் போடும் புழுக்கை மிளகளவுக்குச் சிறுத்து, அப்புறம் அதுவும் நின்றுபோனது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. தொட்டால் பல்லை நறநறவென்று கடித்தது. கைக்குழந்தைக்குச் செய்கிற மாதிரி ஓமத்தண்ணீரைச் சங்கில் புகட்டினாள், பெருங்காயத்தைக் குழைத்து வயிற்றில் பற்றுப் போட்டாள். மாட்டு டாக்டரிடம் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, அவர் படித்த புஸ்தகத்தில் முயல் இல்லை என்று பதில் வந்தது.

"கண்ணு முன்னால உயிரு போறத பாத்துக்கிட்டு இருக்காண்டாம்" என்றார் பிள்ளை, இந்தத் தடவை கொஞ்சம் இரக்கமாகவே. "சுடலைமாடன்ட்ட சொல்லியாச்சு. நாளன்னைக்கு விடிய வந்து எடுத்துக்கிடுவான்."

அன்று இருட்டியதும் வாய்ப்பூட்டை எடுத்துக்கொண்டு போனவள், மாட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். சாகிறதாக இருந்தால் வாயைத் திறந்துகொண்டு சாகட்டும் என்று தோன்றியது. அழுகை வந்தது, அழுதாள். ஒரு பிடி காய்ந்த அறுகம்புல்லைக் கூண்டுக்குள் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

விடிவதற்குள் எழுந்து போய்ப் பார்த்தபோது புல்லில் கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முயல் மெதுவாகத் தலையை மடக்கி அதே காரியத்தைச் செய்தது. குழல்வாய்மொழி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எதையும் ஏன் என்று குடைகிற புத்தி அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. நந்தியின் வாலைச் சிற்பி ஏன் வலப்பக்கமாக மடக்கினான் என்று கேட்டுக் கோயிலில் மாமியாரிடம் திட்டு வாங்கியவள் அவள். அரிக்கேன் விளக்கைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். கூண்டின் மூலையில் இரண்டு மூன்று உருண்டைப் புழுக்கை உலர்ந்து கிடந்தது. முயல் அதைச் சீண்டவில்லை. அது எடுத்தது வேறு. கருப்பாக, பளபளவென்று, குட்டித் திராட்சைக் கொத்துப்போல ஒட்டிக்கொண்டு வந்தது. அதைத் தரையில் விழக்கூட விடாமல் முயல் வாயில் வாங்கிக்கொண்டது. பிள்ளை அன்று அந்தப் பக்கமே வரவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த அறுகம்புல் முழுக்கத் தீர்ந்துபோயிற்று. உருண்டைப் புழுக்கையும் நான்கு விழுந்தது. அவற்றைக் குச்சியால் உருட்டி உருட்டிப் பார்த்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் விடியலில், திருநீறு பூசிக்கொண்டு வந்த கைலாசம் பிள்ளை, கூண்டுக்கு முன்னால் விளக்கோடு உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். வாய்ப்பூட்டு இல்லாத முயலையும் பார்த்தார்.

"சும்மா இரிங்க. உக்காந்து ஒரு நிமிசம் பாருங்க" என்றாள் அவள், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால். "அது எல்லாத்தையும் திங்கல. காஞ்சத தள்ளுது. ஒண்ண மட்டுந்தான் எடுக்கு. அதத் தடுத்தோம், வயிறு கட்டிக்கிட்டு. மாடு மேல கொண்டுவந்து அசைபோடுது, நாம அதக் கும்பிடுதோம். இது இன்னொரு பக்கமா கொண்டுவருது. வேற என்ன?"

போன வருஷம் தீட்சை வாங்கியபோது அவர் குடித்த பஞ்சகவ்யத்தில் என்னென்ன இருந்தது என்பதும் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

அவர் மேல்துண்டை இழுத்துக்கட்டிக்கொண்டு, ஈரச் சாணித் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் குந்தினார். பார்க்கவே கூடாது என்று வந்தவரைப்போல முதலில் பக்கவாட்டில்தான் பார்த்தார். பிறகு நேராகப் பார்த்தார். பிறகு விளக்கை அவள் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டார்.

"கெட்டியா கெடக்கத தொடவே இல்லையேட்டி" என்றார், விளக்கை இன்னும் தாழ்த்திப் பிடித்து.

"அதத்தான சொல்லுதேன்."

"எப்படித் தெரியுது அதுக்கு, எது எதுன்னு?"

"எனக்கும் தெரியல."

புறவாசல் கதவு கிரீச்சிட்டது. ஓலைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுடலைமாடன் நின்றான். "அய்யா, வரச் சொன்னீகளாமே" என்றான்.

குழல்வாய்மொழி கணவரையே பார்த்தாள். கைலாசம் பிள்ளை திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, சத்தம் போடாதே என்று அசைத்தார். முயல் காதுகளை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் இருந்தது. மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். பிறகு அது மெல்லத் தலையை மடக்கியது.