சாட்சிப் பிள்ளை

பையனைத் தூக்கித் தராசுத் தட்டில் உட்காரவைத்ததும் எதிர்த்தட்டு விருட்டென்று மேலே போய் ஆடியது. மண்டபத்தில் கைதட்டல் கிளம்பியது. தானியக் கடையில் இரவல் வாங்கிய பெரிய தராசு அது. எவ்வளவு துடைத்தும் சங்கிலிகளில் தவிட்டு வாசனை போகவில்லை. செயலாளர் படிக்கற்களை ஒவ்வொன்றாகச் சபைக்கு உயர்த்திக் காட்டி எதிர்த்தட்டில் வைத்தார். கடிகாரம் பழுது பார்க்கிறவர். அவசரம் அறியாத விரல்கள். "தாய்ப்பால் மறந்த நாள்லேர்ந்து ஒரு சொட்டு பால் கிடையாது, முட்டை கிடையாது. மாமிசத்தோட வாடைகூட இவன் மேல பட்டதில்லை. நீங்களே பாருங்க" என்றார். சொல்லிக்கொடுத்தபடி பையன் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான். பின்வரிசையிலிருந்து யாரோ "குட்டிப் பயில்வான்!" என்று கத்த, மண்டபமே சிரித்தது.

மேடை ஓரத்தில் அவனுடைய சட்டையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்ற அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் இப்படித்தான். பையன் வாயைத் திறந்து எதையாவது உளறிவிடுவானோ என்று, அவனை இறக்கிவிடும்வரை அவள் மூச்சை முழுதாக விடுவதில்லை.

அவர்களுடையது சின்னச் சங்கம். மாமிசம் உண்ணாதவர்களின் பெரிய சங்கம் ஒன்றிலிருந்து, பாலும் பாவம்தான் என்று சொல்லி வெளியேறியவர்கள். கன்றுக்கு உரியதைப் பறித்துக் குடித்துவிட்டுக் கருணை பேசக்கூடாது என்பது செயலாளரின் கட்சி. மாமிசம் தின்கிறவர்கள் சிரித்ததை அவர் பொறுத்துக்கொண்டார். பாலும் வெண்ணெயுமாகக் கொழுத்திருந்த பழைய கூட்டாளிகள் சிரித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "பிள்ளைகளுக்கு என்னய்யா குடுப்பீங்க, வைக்கோலா?" என்று கேட்டார்கள். அதற்கு அவர் வைத்திருந்த பதில் அந்தப் பையன், அவருடைய சொந்த மகன்.

செயலாளரின் மனைவி கசாப்புக் கடைக்காரன் தங்கை. கொல்லைக் கதவுக்கு அப்பால் ஆடுகள் கத்தும் சத்தத்தில் வளர்ந்தவள். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருக்கும் சிறுமியாகவே அவள் நெடுநாள் இருந்தாள். பிறகு ஒருநாள் இவர் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டாள். அந்தச் சத்தத்தைத் தன்னைத் தவிர இன்னொரு மனிதரும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் அவர் பின்னால் வந்துவிட்டாள். அந்த நம்பிக்கை இன்றைக்கும் பொய்யில்லை. அன்றிலிருந்து அவள் நாக்கில் பால்கூடப் பட்டதில்லை.

ஆனால் இந்தப் பையனுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை இருந்தது. இவளுக்குச் சீக்கிரமே பால் வற்றிப்போனது. பார்லித் தண்ணீரும் அரைத்த பாதாமும்தான் அதற்கு. முதலில் அது சிரிப்பதை நிறுத்தியது, அப்புறம் தலை நிற்காமல் போனது. கடைசியில் வந்த டாக்டர் சாவுக்குக் காரணம் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் கணவரின் முகத்தில், அழுதுகொண்டிருந்த அந்த முகத்தில், ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்ததை அவள் பார்த்தாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

பையன் தாய்ப்பால் மறந்த வாரத்திலிருந்து அவள் அண்ணன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அண்ணனைத் திருத்தப் போவதாகக் கணவரிடம் சொன்னாள். அவரும் மகிழ்ந்துபோய்ப் பை நிறையத் துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தனுப்புவார். அண்ணன் அவற்றில் வாடிக்கைக்காரர்களுக்கு எலும்பு மடித்துக் கொடுப்பான். அந்த வீட்டு அடுப்படியில் பையன் பாலும் முட்டையும் ஈரலுமாக வளர்ந்தான். "உங்க சங்கத்துக்கு ஈரல் சப்ளை இங்கேர்ந்துதான்னு ஒரு போர்டு எழுதி மாட்டட்டுமா?" என்பான் அண்ணன். அவள் சிரிக்காமல் பையனின் வாயை ஆரஞ்சுத் தோலால் துடைப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்பார். "மாமா வீட்ல என்னடா சாப்பிட்ட?"

"பட்டாணி."

பேச்சு திருந்தும் முன்பே அவன் அந்தப் பொய்யைத் திருத்தமாகச் சொல்லக் கற்றிருந்தான்.

அன்றைக்கு விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான், சங்கத்தில் சேர வந்த ஒரு தையல்காரி பையனின் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, தளதளவென்று. கணவன் இறந்தபின் பால் பண்ணைக்குப் பின்புறம் அறை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "கன்னுக்குட்டிய வண்டியில ஏத்திட்டுப் போனப்புறம் அந்த மாடு விடிய விடியக் கத்துது அக்கா. நான் அந்தப் பாலையே வாங்கி இவளுக்கு ஊத்திக்கிட்டிருந்தேன்" என்றாள். "பிள்ளை வாடிப் போயிடுமோன்னு பயம் இருந்துது. இவனைப் பார்த்ததும் போயிடுச்சு."

இவள் செருப்பின் வாரை மாட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

சில மாதங்களிலேயே தெரிய ஆரம்பித்தது. தையல்காரியின் குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தது. கிலுகிலுப்பையைக் காட்டினால் கண் மட்டும் மெதுவாகத் திரும்பும். இவளுக்கு அந்தக் கண்ணைத் தெரியும். வாரந்தோறும் போய்ப் பார்த்தாள். போகாமல் இருக்க முடியவில்லை. தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முறையும் அதையே கேட்டாள். "நீங்க வேற என்னக்கா குடுக்கறீங்க? எதையாவது சொல்ல விட்டுட்டீங்களா?"

"கொஞ்சம் வெயில்ல விடு."

ஒருநாள் வாய்வரை வந்ததைச் சொல்லியே விட்டாள். "கொஞ்சம் பால் குடேன். கொஞ்ச நாளைக்குத்தான். யாருக்குத் தெரியப்போவுது?"

தையல்காரி அவளையே பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பண்ணையில் வாளிகள் மோதும் சத்தம் கேட்டது. பிறகு அந்த முகம் மலர்ந்தது. "என்னை சோதிக்கிறீங்களா அக்கா?"

இவளும் சிரிக்க வேண்டியிருந்தது. "ஆமா. சும்மா சோதிச்சுப் பார்த்தேன்."

இன்னும் ஒரு வாக்கியம் போதும் என்று அவளுக்குத் தெரியும். என் பிள்ளை குடிக்கிறான் என்ற ஒரு வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால் முதல் பிள்ளை எதனால் போனது என்பதும் கூடவே வெளியே வந்துவிடும். காய்ச்சல் என்ற அந்தச் சொல்லின் மேல்தான் அவர்கள் இருவரும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு விழா நெருங்கியது. பழைய சங்கத்தார் ஒரு டாக்டரோடு வரப்போவதாகத் தகவல். செயலாளர் பட்டறை மேசையில் ஒரு கடிகாரத்தைப் பிரித்துப்போட்டுவிட்டு அதைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார். "தையல்காரி பிள்ளைய அவங்க பார்த்தா நாம தொலைஞ்சோம். நம்ம பையனுக்கு ஒத்துக்கிட்டது அதுக்கு மட்டும் ஏன் ஒத்துக்கல? எனக்குப் புரியல."

தையல்காரியைச் சங்கத்தை விட்டுத் துரத்தினால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். கோபம் வரும், வெறுப்பு வரும். போங்கடா நீங்களும் உங்க கருணையும் என்று பால்காரனைக் கூப்பிடுவாள். பிள்ளை பிழைத்துவிடும். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

"அவ திருட்டுத்தனமா பால் குடுக்கறா" என்றாள். "நான் பார்த்தேன்."

அவர் நிமிர்ந்தார். பழைய நிம்மதி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. "அதானே பார்த்தேன்! ரெண்டும் கெட்டானா குடுத்தா உடம்பு எதைத்தான் ஏத்துக்கும்? குழந்தைக்குத் துரோகம் பண்றாளே பாவி."

கமிட்டிக் கூட்டத்தில் தையல்காரி முதலில் வேடிக்கை என்றே நினைத்தாள். பிறகு குழந்தையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். யாரும் அசையவில்லை. கடைசியில் இவள் பக்கம் திரும்பினாள். "வாராவாரம் வர்றீங்களே அக்கா. உங்களுக்குத் தெரியாதா? நீங்க சொல்லுங்க."

"பார்த்தேன்" என்றாள் இவள்.

தையல்காரி எழுந்தாள். குழந்தையின் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, நாற்காலியைப் பழையபடி வரிசையில் தள்ளிவைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் இவள் நிம்மதியாகத் தூங்கினாள். அங்கே இந்நேரம் பால் காய்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்தால் போதும், தூக்கம் வந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை காலை, கடிகாரக் கடையின் மரக்கதவுகளைத் திறந்தபோது எதிர் நடைபாதையில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டில், உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியும்படி, தெளிந்த பார்லித் தண்ணீர். வேலைக்குப் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். "பாருங்க. இதைத்தான் குடுக்கறேன். வீட்ல பூட்டி வெச்சுக் குடுக்கல, நடுத்தெருவுல குடுக்கறேன். முன்னே போட்ட பாதாமைக்கூட நிறுத்திட்டேன். வெள்ளையா எதுவுமே கிடையாது."

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் மழை, குடையோடு வந்தாள். செயலாளர் திரைச்சீலையை இழுத்துவிட்டார். "இப்ப ஒழுங்கா இருக்கா போலிருக்கு. பார்ப்போம். ஆண்டு விழா வரைக்கும் பார்த்துட்டு வேணும்னா திரும்பச் சேர்த்துக்கலாம்" என்றார், அவர் குரலில் உண்மையான இரக்கத்தோடு.

அவர் மனைவி வெறுங்காலோடு தெருவைக் கடந்துபோனாள். என்ன சொல்வது என்று தெரியாமலேதான் போனாள். கிட்டத்தில் பார்த்தபோது குழந்தையின் கழுத்து தாயின் முழங்கையில் துணிபோலத் தொங்கியது.

"வந்தீங்களா அக்கா?" என்றாள் தையல்காரி. அந்தக் குரலில் பகையே இல்லை. வகுப்பில் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த மாணவியின் ஆவல்தான் இருந்தது. "நீங்கதானே பார்த்தேன்னு சொன்னீங்க? இப்ப நல்லாப் பாருங்க."

குழந்தையின் தாடையை இரண்டு விரலால் அழுத்தி வாயைத் திறந்து காட்டினாள். நாக்கு தோல் உரித்ததுபோல் வழவழவென்று சிவந்து கிடந்தது.

"வெள்ளை இருக்கா? கிட்ட வந்து பாருங்கக்கா. கையை விட்டுத் தொட்டே பாருங்க."

அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து விரலை உள்ளே வைத்தாள். குழந்தையின் கண் மெதுவாகத் திரும்பியது. உதடுகள் மூடிக்கொண்டன. பிறகு அது, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, அந்த விரலைச் சப்பத் தொடங்கியது.